போரில் உறவைத் தொலைத்தவர்களுக்குத் துணை நிற்பது: பத்தாங்காலியில் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பத்தாங்காலியிலும் சுற்றியுள்ள தோட்டப்புறங்களிலும் இலங்கைப் போரிலிருந்து தப்பி வந்த சில குடும்பங்கள் குடியிருக்கின்றன. மியன்மாரிலிருந்து வந்தவர்கள் அதைவிட அதிகம். அவர்களுக்குப் படிவம் நிரப்பவும், நடந்ததை எழுதி வைக்கவும், கோலாலம்பூருக்குத் துணையாகப் போய் வரவும் நாங்கள் சிலர் முன்வந்து உதவுகிறோம். கோயிலிலும் கல்யாண வீட்டிலும் ஊர் மக்கள் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்துப் பதில் சொல்கிறோம்.

எங்கோ நடந்த சண்டை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு அதில் என்ன வேலை?

நம் குடும்பங்களிலேயே "சயாமுக்குப் போனவர் திரும்பவில்லை" என்று சொல்லப்படும் தாத்தாக்கள் உண்டு. 1942 முதல் 1943 அக்டோபர் வரை ஜப்பானிய ராணுவம் சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே ஏறக்குறைய 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டது. அதற்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். அங்கே வேலை செய்த நேச நாட்டுப் போர்க் கைதிகளில் 12,000-க்கு மேல் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் தெரியும், இறந்த தேதி தெரியும், காஞ்சனாபுரியில் கல்லறை இருக்கிறது. கைதிகளாக இருந்த அதிகாரிகள் முகாமில் ஒளித்து ஒளித்துப் பட்டியல் எழுதி வைத்திருந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் 90,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்கிறார்கள். அது வெறும் மதிப்பீடு, ஏனென்றால் யாரும் எண்ணவில்லை. தோட்டத்தில் காலைப் பிரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) கிராணி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் குறித்த அதே மனிதர்களுக்குச் சாவுப் பட்டியலில் ஒரு வரி கிடைக்கவில்லை. 1967-இல் ஜப்பான் மலேசியாவுக்கு 25 மில்லியன் வெள்ளி மதிப்புள்ள உதவி தர ஒப்புக்கொண்டது. அது இரண்டு அரசாங்கங்களுக்கு இடையே முடிந்துபோன கணக்கு. தாத்தாவை இழந்த லயத்து வீட்டுக்கு எதுவும் வரவில்லை.

அப்போது எழுதி வைக்க ஆள் இல்லை. இப்போது நாம் இருக்கிறோம். எங்களுக்கு இந்தக் காரணம் போதும்.

'மனித உரிமை' என்றால் கோர்ட்டு, கேஸ் என்றுதானே அர்த்தம்? நமக்கு அந்தப் படிப்பு இல்லையே?

கோர்ட்டு அதில் ஒரு பகுதிதான். போரில் பாதிக்கப்பட்ட குடும்பம் முதலில் கேட்பது "என் பிள்ளைக்கு என்ன ஆனது?" என்பதைத்தான். அது ஒரு சட்ட உரிமை. வலிந்து காணாமலாக்கப்படுதலுக்கு எதிரான அனைத்துலக உடன்படிக்கையின் 24-ஆவது பிரிவு, உண்மையை அறியும் உரிமையைக் குடும்பத்துக்குத் தருகிறது. இலங்கை 2016-இல் அந்த உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. காணாமலாக்கப்பட்டவரின் கதி தெரியும்வரை அந்தக் குற்றம் இன்னும் நடந்துகொண்டிருக்கும் குற்றமாகவே கருதப்படும். "இத்தனை வருஷம் ஆகிவிட்டதே" என்று அதிகாரி சொன்னால் குடும்பம் எடுத்துக்காட்ட வேண்டிய விஷயம் இது.

எங்கள் உதவிக்குப் படிப்பு தேவையில்லை. பொறுமை தேவை, கையெழுத்து புரிய வேண்டும், வாயை மூடி வைத்திருக்கத் தெரிய வேண்டும்.

வாக்குமூலம் எழுதுவது என்றால் என்ன செய்வீர்கள்?

முதலில் ஓர் இடம். வீட்டில் பிள்ளைகள் காதில் விழும் இடத்தில் கேட்க மாட்டோம். பிள்ளைகளை மொழிபெயர்க்கவும் விட மாட்டோம். தாய் பட்டதைப் பத்து வயதுப் பெண் வாய்விட்டுச் சொல்ல வேண்டிய நிலை வரக் கூடாது.

அடுத்தது, அவர்கள் தொடங்கும் இடத்திலிருந்தே கேட்பது. இலங்கையின் வன்னியிலிருந்து வந்த ஓர் அக்கா இங்கே சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறார். மகனின் படம் ஒன்றை லேமினேட் செய்து கைப்பைக்குள் வைத்திருக்கிறார். ஸ்கூல் சட்டை, படிய வாரிய தலை. ஓரத்தில் தண்ணீர் புகுந்து சட்டையின் நிறம் கலங்கியிருக்கிறது, முகம் மட்டும் தெளிவாக இருக்கிறது. தேதி கேட்டால் அவருக்குத் தெரியாது. "வட்டுவாகல் பாலம் தாண்டி வந்த நாள்" என்றார். 2009 மே நடுவில், போரின் கடைசி நாட்களில், சனம் அந்தப் பாலம் வழியாகத்தான் ராணுவத்தின் பக்கம் வந்தது என்பது பல சாட்சியங்களில் பதிவான விஷயம். ஆகவே அந்த ஒரு வாக்கியத்திலிருந்தே நாளைக் கிட்டத்தட்டப் பிடித்துவிடலாம். பக்கத்தில் யார் நடந்தார்கள், எந்த இடத்தில் ஆண்களைத் தனியாக நிறுத்தினார்கள், பஸ்ஸா லாரியா, என்ன சட்டை போட்டவர் பெயர் எழுதினார் என்று ஒவ்வொன்றாக வந்தது. நாமாகத் தேதியை ஊகித்துச் சொல்லி "அப்படித்தானே?" என்று கேட்கவே கூடாது. அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுத வேண்டும். தெரியாததைத் தெரியாது என்றே எழுத வேண்டும். ஒரு பொய் விவரம் புகுந்தால் மற்ற உண்மைகளையும் அது கெடுத்துவிடும்.

அழுதால் நிறுத்திவிடுவோம். அன்றைக்குத் தொடராவிட்டாலும் பரவாயில்லை. ஒருவரிடம் ஒருமுறை கேட்டால் போதும். பத்திரிகைக்காரர், மாணவர், அரசியல்வாதி என்று ஆளுக்கொருவர் வந்து அதே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பது கொடுமை. அதைத் தடுப்பதும் எங்கள் வேலை.

எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டுவோம். சரி என்றால் கையெழுத்து. வேண்டுமானால் சத்தியப் பிரமாண ஆணையர் முன் உறுதிமொழி. மூலப் பிரதி குடும்பத்திடமே இருக்கும்.

பெயர் ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு விதமாக இருக்கிறதே?

இது எல்லாக் குடும்பத்துக்கும் உள்ள தொல்லை. இலங்கை அடையாள அட்டையில் ஒரு எழுத்துக்கூட்டல், ஐ.நா. அகதிகள் ஆணையம் தரும் யூ.என். கார்டில் வேறொன்று, தகப்பன் பெயர் முன்னாலும் பின்னாலும் மாறி மாறி வரும். தேடுபவர்கள் இரண்டு ஆள் என்று நினைத்துவிடுவார்கள். எல்லா வடிவங்களையும் ஒரே தாளில் வரிசையாக எழுதி, பிறந்த தேதி, பிறந்த ஊர், தாய் தகப்பன் பெயர் சேர்த்து ஒவ்வொரு மனுவோடும் இணைத்து அனுப்புங்கள்.

எழுதியதை எங்கே அனுப்புவது?

குடும்பத்தின் விருப்பத்தைப் பொறுத்தது.

ஐக்கிய நாடுகளின் வலிந்து காணாமலாக்கப்பட்டோர் பணிக்குழு 1980-இல் தொடங்கியது. கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயம் இல்லை. காணாமற்போனவரின் முழுப் பெயர், குறைந்தது மாதமும் வருடமும், கடைசியாகப் பார்த்த இடம், பிடித்துப் போனது எந்தத் தரப்பு என்று நம்புகிறார்கள், இதுவரை எங்கெல்லாம் தேடினார்கள், மனு கொடுப்பவர் யார் ஆகிய விவரங்கள் வேண்டும். குடும்பத்தின் சார்பில் வேறொருவர் அனுப்பினால் குடும்பத்தின் சம்மதம் வேண்டும். பணிக்குழு யாரையும் தண்டிக்காது. அரசாங்கத்திடம் "இந்த மனிதர் எங்கே?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும், பதில் வரும்வரை கோப்பை மூடாது.

இரண்டாவது, ஐ.நா. மனித உரிமை ஆணையாளர் அலுவலகத்தின் இலங்கைப் பொறுப்புக்கூறல் திட்டம். 2021 மார்ச்சில் மனித உரிமைப் பேரவையின் 46/1 தீர்மானத்தால் அமைந்தது, அதன் பின் நீட்டிக்கப்பட்டு வருகிறது. பிற்காலத்தில் எந்த நாட்டிலாவது வழக்கு வந்தால் பயன்படும்படி சாட்சியங்களைத் திரட்டிப் பாதுகாப்பதே இதன் வேலை.

உயிரோடு எங்காவது இருக்கலாம், தொடர்பு அறுந்துவிட்டது என்று நம்புபவர்கள் செஞ்சிலுவைச் சங்கத்தின் குடும்பத் தேடல் சேவையை அணுகலாம். நம் நாட்டுச் செம்பிறைச் சங்கம் வழியாகவும் கேட்கலாம்.

இலங்கை அரசு அமைத்த காணாமற்போனோர் அலுவலகமும் உண்டு. 2016-இல் சட்டம் வந்தது, 2018-இல் வேலை தொடங்கியது. பல தாய்மார்களுக்கு அதில் நம்பிக்கை இல்லை. அவர்கள் 2017 பிப்ரவரி 20-ஆம் தேதி கிளிநொச்சி கந்தசாமி கோயில் முன்னால் உட்கார்ந்து தொடங்கிய போராட்டம் வருடக்கணக்கில் நீண்டது. பதில் தெரியாமலே செத்துப்போன பெற்றோர் நூற்றுக்கு மேல். அந்த அலுவலகத்துக்கு எழுதுங்கள் என்றோ, எழுதாதீர்கள் என்றோ நாங்கள் சொல்வதில்லை. சாதக பாதகத்தை விளக்கிவிட்டு முடிவை அவர்களிடமே விட்டுவிடுவோம்.

பெரிய அனைத்துலக நீதிமன்றத்திலேயே ஒரேயடியாகக் கேஸ் போட்டால் என்ன?

அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றத்தில் இலங்கை உறுப்பு நாடு இல்லை. ஐ.நா. பாதுகாப்பு மன்றம் அனுப்பி வைத்தால் ஒழிய அந்தக் கதவு திறப்பது மிகக் கடினம். மலேசியாவும் 2019 மார்ச்சில் அதில் சேர்ந்து, அடுத்த மாதமே பின்வாங்கிவிட்டது.

மரணச் சான்றிதழ் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாமா? நிலம், பேங்கு விஷயம் எல்லாம் நிற்கிறதே?

இந்தக் கேள்வியைத் தாய்மார்கள் தாழ்ந்த குரலில் கேட்பார்கள், ஏதோ துரோகம் செய்வதுபோல. துரோகம் ஒன்றுமில்லை. மரணச் சான்றிதழ் வாங்காமலே இலங்கைச் சட்டத்தில் இன்னொரு வழி இருக்கிறது. 2016-இல் வந்த திருத்தத்தின்படி, காணாமற்போனவர் என்பதைக் குறிக்கும் தனிச் சான்றிதழ் பெறலாம். செத்துவிட்டார் என்று ஒப்புக்கொள்ளாமலே சொத்து, பிள்ளைகளின் பொறுப்பு போன்ற காரியங்களைப் பார்க்க அது உதவும். எதை வாங்கினாலும் தேடும் உரிமையை விட்டுக்கொடுத்ததாக எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடக் கூடாது. புரியாத மொழியில் இருந்தால் எடுத்து வாருங்கள், சேர்ந்து படிப்போம்.

இதில் தலையிட்டால் சொஸ்மா பாதுகாப்புச் சட்டத்தில் பிடித்துப் போய்விடுவார்களா?

பயம் நியாயமானது. 2019 அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்று சொல்லி 12 பேரை சொஸ்மா சட்டத்தில் பிடித்தார்கள். அவர்களில் சட்டமன்ற உறுப்பினர்களும் இருந்தார்கள். 2020 பிப்ரவரியில் சட்டத்துறைத் தலைவர் குற்றச்சாட்டுகளைக் கைவிட்டார். ஆனாலும் அதுவரை அவர்களும் அவர்கள் வீடுகளும் பட்டது பட்டதுதான்.

அந்த இயக்கம் இங்கே 2014 முதல் பயங்கரவாத அமைப்பாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. ஆகவே நாங்கள் அதன் கொடி, சின்னம், தலைவர் படம் எதையும் கூட்டத்திலோ கைப்பேசியிலோ பகிர்வதில்லை, எந்த இயக்கத்தின் பெயரிலும் பணம் திரட்டுவதில்லை. காணாமற்போன பிள்ளையைத் தேடும் தாய்க்கு மனு எழுதிக் கொடுப்பது வேறு காரியம். அந்தக் கோட்டைக் கவனமாகக் காத்தால்தான் தாய்க்கும் பாதுகாப்பு. சந்தேகம் வந்தால் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தைக் கேளுங்கள். சுஹாகாம் மனித உரிமை ஆணையத்திலும் புகார் கொடுக்கலாம்.

யூ.என். கார்டு இருந்தால் போதுமே, பிறகென்ன பிரச்னை?

போதாது. 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா கையெழுத்திடவில்லை. நம் குடிநுழைவுச் சட்டத்தில் 'அகதி' என்ற வகையே கிடையாது. கார்டு வைத்திருப்பவரைப் போலீஸ் பல நேரம் விட்டுவிடும், ஆனால் அது சட்டம் தரும் காப்பு ஆகாது. சட்டப்படி வேலை செய்ய முடியாது, பிள்ளைகளை அரசாங்கப் பள்ளியில் சேர்க்க முடியாது. அரசாங்க மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி கழிவு கிடைக்கும். பாதி கழிந்தும் ஒரு பிரசவச் செலவு அவர்களை முறித்துவிடும். பிடிபட்டுத் தடுப்பு முகாமுக்குப் போனால் நிலைமை மோசம். 2019 ஆகஸ்டில் ஐ.நா. அகதிகள் ஆணையத்துக்கு அந்த முகாம்களின் கதவு அடைக்கப்பட்டது.

சம்பளம் தராமல் ஏமாற்றும் முதலாளிகள் இதைத் தெரிந்துகொண்டே செய்கிறார்கள். எங்களிடம் வந்த ஓர் இளைஞர் செம்பனைக் குலை வெட்டிய காசு மூன்று மாதமாக வரவில்லை. கேட்டபோது "போலீஸைக் கூப்பிடட்டுமா?" என்றார்களாம். இங்கேயும் மனித உரிமை பேச வேண்டியிருக்கிறது, நம் ஊர்க்காரர்களிடமே. வேலை செய்த நாள், இடம், எடை, பேசிய கூலி எல்லாவற்றையும் அன்றன்றைக்குக் கைப்பேசியில் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.

வாடகைக்கு வீடு விடுவது, தங்க இடம் கொடுப்பது பற்றியும் கேட்கிறார்கள். ஆவணமில்லாதவருக்கு அடைக்கலம் கொடுப்பதைக் குடிநுழைவுச் சட்டம் குற்றமாகப் பார்க்கிறது. ஆகவே வழக்கறிஞரைக் கேட்காமல் இறங்காதீர்கள்.

தமிழர்கள் அல்லாதவர்களுக்கும் ஏன் உதவுகிறீர்கள்?

துன்பத்தில் இனம் பார்த்தால் நம் தாத்தாக்களைக் கண்டுகொள்ளாமல் விட்டவர்களுக்கும் நமக்கும் வித்தியாசம் இருக்காது. 2017 ஆகஸ்டுக்குப் பிறகு ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் வங்காளதேசத்துக்கு ஓடினார்கள். 2021 பிப்ரவரி ராணுவப் புரட்சிக்குப் பிறகு மியன்மாரின் மற்ற இனத்தவரும் ஓடி வருகிறார்கள். அவர்களுடைய சாட்சியங்களைச் சேர்க்க ஐ.நா. 2018-இல் அமைத்த தனி விசாரணைப் பொறிமுறை இருக்கிறது. காம்பியா என்ற சிறிய நாடு 2019 நவம்பரில் மியன்மார் மீது உலக நீதிமன்றத்தில் இனப்படுகொலை வழக்குத் தொடுத்தது. காம்பியாவுக்கும் ரோஹிங்கியாவுக்கும் எல்லை கிடையாது, மொழி உறவும் கிடையாது. அப்படியும் வழக்குப் போட்டார்கள்.

இவ்வளவு செய்து என்ன பலன்? நீதி கிடைக்கவா போகிறது?

இதற்கு நம் ஊர்ப் பெயரே உலகச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. கம்யூனிஸ்டுகளோடு பிரிட்டிஷ் அரசு மோதிய அவசரகாலத்தில், 1948 டிசம்பர் 12-ஆம் தேதி, பத்தாங்காலிக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிரிட்டிஷ் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினர் ஆயுதமில்லாத 24 சீனத் தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றார்கள். தப்பி ஓடியபோது சுட்டோம் என்பது அரசாங்கத்தின் கதை. 1969 கடைசியில் அந்தப் படையில் இருந்தவர்களில் சிலர் ஒரு லண்டன் பத்திரிகையிடம், ஓடவில்லை, நிறுத்தி வைத்துச் சுட்டோம் என்று சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தார்கள். போலீஸ் விசாரணை தொடங்கியது. 1970-இல் பிரிட்டனில் ஆட்சி மாறியதும் நிறுத்தினார்கள்.

குடும்பங்கள் விடவில்லை. 1993-இல் ராணிக்கு மனு, 2008-இல் மறுபடி மனு, பிறகு லண்டன் நீதிமன்றங்கள். 2012 தீர்ப்பில் நீதிபதிகள், அந்த 24 பேரும் வேண்டுமென்றே கொல்லப்பட்டார்கள் என்பதை ஆதரிக்கும் சாட்சியம் இருக்கிறது என்று எழுதினார்கள். ஆனால் பகிரங்க விசாரணைக்கு உத்தரவிடவில்லை. 2015 நவம்பரில் பிரிட்டிஷ் உச்சநீதிமன்றம் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் குடும்பங்களின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. 2018-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் ஏற்கவில்லை. தடையாக நின்ற முக்கியமான காரணம் காலம்.

கேஸில் தோற்றார்கள். ஆனால் 'கொள்ளைக்காரர்கள் தப்பி ஓடினார்கள்' என்ற பழைய கதையை இன்று யாரும் கூசாமல் சொல்ல முடியாது. அதைச் சாதித்தவை அந்தச் சத்தியக் கடிதங்களும், உயிர் பிழைத்தவர்களின் வாய்மொழியும், பேரப்பிள்ளைகள் வரை விடாமல் வைத்திருந்த கோப்புகளும்தான்.

யாழ்ப்பாணம் செம்மணியையும் சொல்ல வேண்டும். 1998-இல் தண்டனை பெற்ற ஒரு சிப்பாய், அங்கே நூற்றுக்கணக்கானோர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று கோர்ட்டில் சொன்னார். 1999-இல் தோண்டியபோது 15 உடல்கள் கிடைத்தன, பிறகு விஷயம் உறங்கிப்போனது. 2025-இல் அங்குள்ள சித்துப்பாத்தி மயானத்தில் மறுபடி தோண்டினார்கள். 200-க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளியே வந்தன, குழந்தைகளுடையவையும் அவற்றில் இருந்தன. எலும்போடு கிடைத்த உடுப்பையும் பொருளையும் பார்த்து "இது எங்கள் பிள்ளையுடையது" என்று சொல்ல, காணாமற்போன அன்று அவர் என்ன உடுத்தியிருந்தார், கையில் என்ன வைத்திருந்தார் என்பது எங்காவது எழுதப்பட்டிருக்க வேண்டும். நாங்கள் வாக்குமூலத்தில் சட்டை நிறத்தையும் செருப்பையும் விடாமல் கேட்பது இதற்காகத்தான்.

ஊரில் உள்ள சொந்தங்களுக்கு ஆபத்து வராதா?

வரலாம். வடக்கில் தேடும் குடும்பங்களின் வீட்டுக்குப் புலனாய்வுக்காரர்கள் போய் விசாரிப்பது இன்றும் நடக்கிறது. அதனால் அங்கே இருப்பவரின் சம்மதமும் வேண்டும். படத்தையோ வாக்குமூலத்தையோ வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், நல்ல எண்ணத்தில்கூட. கதையைப் பேஸ்புக்கில் எழுதி இரக்கம் சம்பாதிக்க வேண்டாம். இன்றைக்குச் சம்மதம் சொன்னவர் நாளைக்கு வேண்டாம் என்றால், அனுப்பாத தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம்.

பணம் கொடுக்கலாமா?

கையில் காசாக எங்களிடம் தர வேண்டாம். ரயில் டிக்கெட், போட்டோகாப்பி, சத்தியப் பிரமாணக் கட்டணம், மருந்து என்று குறிப்பான செலவு வரும்போது கேட்போம், நேராகக் கட்டிவிடலாம், ரசீது உங்களுக்கு.

எனக்கு வயதாகிவிட்டது, கம்ப்யூட்டர் தெரியாது. நான் என்ன செய்ய முடியும்?

நிறைய. தாய் பேசும் இரண்டு மணி நேரம் அடுத்த அறையில் அவர் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். யூ.என். அலுவலகத்தில் சந்திப்பு என்றால், பத்தாங்காலி ஸ்டேஷனில் காலை முதல் கொமூட்டர் ரயில் பிடித்துக் கூடப் போக வேண்டும். தனியாகப் போகப் பெண்கள் பயப்படுகிறார்கள், பக்கத்தில் ஐ.சி. (அடையாள அட்டை) வைத்திருக்கும் ஓர் உள்ளூர்ப் பாட்டி உட்கார்ந்திருந்தால் அந்தப் பயம் பாதி குறையும். அங்கே பேசுவது அவர்கள்தான், நீங்கள் பேச வேண்டியதில்லை. தண்ணீர்ப் போத்தலும், ஒரு பொட்டலம் நாசி லெமாக்கும், எல்லா ஆவணங்களின் நகலும் எடுத்துப் போங்கள். உள்ளே எத்தனை மணி நேரம் ஆனாலும் அவர் வெளியே வரும்வரை காத்திருங்கள்.